தைரொயிட் ரிப்போட் சொல்லாத காரணம்

மாத்தளை மாவட்டத்துக்குத் தைரொயிட் விடயத்தில் ஒரு பழைய நற்சான்றிதழ் உண்டு. 1986 இல் நாட்டின் 17 மாவட்டங்களில் ஏறத்தாழ 59 ஆயிரம் பாடசாலைப் பிள்ளைகளின் கழுத்தைத் தடவிப் பார்த்து ஒரு கணக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 18.8 பேருக்குக் கண்டக்கழலை இருந்தது. களுத்துறையில் அது 30.2 ஆக ஏறி நின்றது. மாத்தளையில் வெறும் 6.5; கணக்கெடுத்த மாவட்டங்களிலேயே ஆகக் குறைந்த எண். கழலை என்றால் தென்மேற்கு ஈரவலயத்தின் துன்பம், மழை மண்ணிலுள்ள அயடினைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது, நமக்கு அந்தக் கவலை இல்லை என்று இங்குள்ளவர்கள் நினைத்திருந்தால் அதில் பிழை சொல்ல முடியாது. இன்று அதே மாவட்டத்தில், மாத்தளை நகரிலோ தம்புள்ளையிலோ காலையில் இரத்தம் கொடுத்துவிட்டு மாலையில் ரிப்போட்டைக் கையில் வாங்கி, எண்ணுக்குப் பக்கத்தில் ‘எச்’ என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்துத் திடுக்கிடுவது சாதாரணமாகிவிட்டது. “எனக்குத் தைரொயிட் இருக்கிறதாம்” என்று வீட்டில் வந்து சொல்கிறார்கள். தைரொயிட் இல்லாத மனிதர் கிடையாது. அது நோயின் பெயரல்ல, கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் எல்லோருக்கும் இருக்கும் ஒரு சுரப்பியின் பெயர். அந்தப் பேச்சுவழக்கைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. ரிப்போட்டில் எண் மாறியதும் கேட்கவேண்டிய ‘ஏன்’ என்ற கேள்வியை அந்த ஒரு வாக்கியம் மூடிவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

முதலில் அந்த எண் என்ன என்று பார்ப்போம். ரிப்போட்டில் ரி.எஸ்.எச். எனப்படுவது தைரொயிட் சுரக்கும் பொருளே இல்லை. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, தைரொயிட்டை நோக்கி அனுப்பும் கட்டளை அது. தைரொயிட் சுரக்கும் தைரொக்சின் இரத்தத்தில் குறைந்தால் கட்டளை உரக்க ஒலிக்கும், கூடினால் அடங்கிப்போகும். ஆகவே இந்தப் பரிசோதனை ஆலைக்குள் என்ன நடக்கிறது என்பதை நேராகச் சொல்வதில்லை, கங்காணி எவ்வளவு சத்தம் போடுகிறார் என்பதைச் சொல்கிறது. சத்தத்தை வைத்து ஆலையின் நிலையை ஊகிக்கிறோம். பெரும்பாலும் ஊகம் சரிதான். தைரொக்சின் சிறிது குறைந்தாலும் ரி.எஸ்.எச். பல மடங்காக எகிறும் என்பதால், இதைவிட நுட்பமான முதற்சோதனை வேறில்லை. ஆனால் அந்த நுட்பமே சில வேளை வினையாகிறது. சுரப்பிக்கு எந்தக் குறையும் இல்லாத நேரத்திலும், சின்னச் சின்னச் சலனங்களுக்கெல்லாம் எண் அசைந்துகொடுக்கும்.

அதன்மேல் ‘சாதாரண அளவு’ என்று ரிப்போட்டின் ஓரத்தில் அச்சிடப்படும் எல்லை எப்படி வந்தது என்பதையும் கவனிக்கவேண்டும். நோயற்றவர்கள் எனக் கருதப்படும் ஒரு கூட்டத்தைச் சோதித்து, நடுவிலுள்ள 95 சதவீதத்தினரின் எண்களை எடுத்து, இரு முனைகளிலும் எஞ்சியவர்களை வெளியே விடுவதுதான் வழக்கம். எனவே நூறு ஆரோக்கியமானவர்களைச் சோதித்தால் ஐந்து பேரளவில் எல்லைக்கு வெளியே விழுவார்கள். அது கணக்கின் விளைவு, சுரப்பியின் கோளாறு அன்று. பெரும்பாலான ஆய்வுகூடங்களில் மேலெல்லை 4 ஐ ஒட்டியிருக்கிறது. வயது ஏற ஏற ரி.எஸ்.எச். இயல்பாகவே சற்று ஏறும் என்பதால், 30 வயதுப் பெண்ணுக்கு வரைந்த கோட்டை 75 வயதுத் தாத்தாவுக்கும் இழுப்பது நியாயமில்லை. இரவில் இந்த ஓமோன் உச்சத்துக்குப் போகும், பிற்பகலில் தாழும். கடும் காய்ச்சலிலோ பெரிய நோயிலோ விழுந்தவருக்கு அது குறைந்து, தேறிவரும் வாரங்களில் எல்லையைத் தாண்டி ஏறும். வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய பத்தாம் நாள் ‘எதற்கும் ஒரு முறை பார்த்துவிடுவோம்’ என்று எடுக்கும் ரிப்போட் ஆளை ஏமாற்றுவது இப்படித்தான். இஸ்ரேலில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து 2007 இல் வெளிவந்த ஆய்வொன்று, ரி.எஸ்.எச். 5.5 இலிருந்து 10 வரை இருந்தவர்களில் 62 சதவீதத்தினரின் எண் ஐந்து ஆண்டுகளுக்குள் தானாகவே எல்லைக்குள் திரும்பியதைக் காட்டியது. முதல் ரிப்போட்டோடு தைரொக்சின் குளிசையைத் தொடங்கியிருந்தால் அந்தத் திரும்புதலின் பெருமை முழுவதும் குளிசைக்கே போயிருக்கும்.

இயந்திரமும் பொய் சொல்லும். முடி உதிர்கிறது, நகம் உடைகிறது என்று மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் வைட்டமின் குளிசைகளில் பயோட்டின் என்ற சத்து உண்டு. ஒரு நாளைக்குத் தேவையானது 30 மைக்ரோகிராம் அளவு. விற்கப்படும் குளிசைகள் சிலவற்றில் 5,000, 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. ஆய்வுகூட இயந்திரங்களில் ஒருவகை, இரத்தத்திலுள்ள ஓமோனைப் பிடிப்பதற்கே பயோட்டினைக் கொக்கியாகப் பயன்படுத்துகிறது. இரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் ரி.எஸ்.எச். பொய்யாகத் தாழ்ந்தும் தைரொக்சின் பொய்யாக உயர்ந்தும் தெரியும். தைரொயிட் மிகையாகச் சுரப்பவரின் ரிப்போட் எப்படி இருக்குமோ அச்சொட்டாக அப்படி. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017 இல் இதைப்பற்றி எச்சரிக்கை விடுத்தது. முடி உதிர்வதே தைரொயிட் கோளாறின் ஓர் அறிகுறி என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: முடி உதிர்கிறது என்று குளிசை, அதே முடி உதிர்வுக்காகத் தைரொயிட் பரிசோதனை, முதலாவது இரண்டாவதைக் கெடுக்கிறது. இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னதாக அந்தக் குளிசையை நிறுத்தினால் போதும். ஆனால் யாராவது கேட்டால்தானே நிறுத்தச் சொல்ல முடியும்.

ஓர் எண் பிழைத்ததற்குக் காரணம் தேடுவது எவ்வளவு வழுக்கலான வேலை என்பதற்கு நம் நாட்டின் உப்புக் கதையைவிட நல்ல பாடம் கிடையாது. 1995 இல் உப்பில் அயடின் கலப்பது சட்டமானது. சில ஆண்டுகள் கழிந்தபின் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் 2000, 2001 இல் மறுபடியும் பிள்ளைகளைச் சோதித்தது. சிறுநீரில் அயடின் லீற்றருக்கு 145 மைக்ரோகிராம் என்ற நடு அளவில் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் போதுமானது என்று வைத்திருக்கும் 100 முதல் 199 வரையிலான எல்லைக்குள் கச்சிதமாகப் பொருந்தியது. கழலையோ 20.9 சதவீதம். உப்புக்கு முந்திய 18.8 ஐவிடக் கூடுதல். அவசரக்காரர் ஒருவருக்கு இந்த இரண்டு எண்களே போதும்: திட்டம் தோற்றுவிட்டது, அல்லது அயடின்தான் கழலையை உண்டாக்குகிறது. இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் நாடு தவறான பாதையில் போயிருக்கும். 2010 இல் மீண்டும் பார்த்தபோது கழலை 4.4 சதவீதமாக இறங்கியிருந்தது. அயடின் அளவு ஏறத்தாழ அதே நிலையில்தான் இருந்தது. குறைபாட்டோடு வளர்ந்த பிள்ளைகளின் வீங்கிய சுரப்பி சட்டம் வந்த மறுநாள் சுருங்கிவிடாது என்பதே இதற்கு எனக்குப் பொருத்தமாகத் தெரியும் விளக்கம். அயடின் கலந்த உப்போடு பிறந்து வளர்ந்த தலைமுறை பாடசாலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொறுமையாக மறுபடியும் அளந்ததால் நாடு தப்பியது. ஒரு நாட்டுக்குப் பத்தாண்டுப் பொறுமை பொருந்துமென்றால், ஒரு நோயாளிக்கு இரண்டு மாதப் பொறுமை ஏன் பொருந்தாது?

இந்தக் கதைக்கு ஒரு கிளைக்கதையும் உண்டு. இலங்கை ஆய்வாளர்களும் பிரித்தானியாவின் கார்டிஃப் ஆய்வாளர்களும் சேர்ந்து 11 முதல் 16 வயது வரையிலான 367 பாடசாலை மாணவிகளைச் சோதித்து 2000 இல் முடிவை வெளியிட்டார்கள். தைரொயிட்டைத் தாக்கும் பிறபொருளெதிரிகளில் ஒருவகை எதிர்பாராத அளவு பலரிடம் இருந்தது. அயடின்தான் காரணமா என்று கட்டுரையின் தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டார்கள், தீர்ப்பு எழுதவில்லை. மூன்றாண்டுகள் கழித்து அவர்களே வெளியிட்ட தொடராய்வு, பிறபொருளெதிரிகளின் கோலம் காலத்தோடு மாறிவருவதைக் காட்டியது. அயடின் குறைந்திருந்த சமூகத்துக்கு அயடின் வந்துசேரும்போது சிலருக்குச் சுரப்பி முரண்டுபிடிப்பது உலகம் அறிந்த விடயம். 2000 இல் உப்பில் அயடினைக் கட்டாயமாக்கிய டென்மார்க்கும் அதைக் கண்டது. அதற்காக உப்பிலிருந்து அயடினை எடுத்துவிடலாம் என்று எவரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. கருவிலுள்ள பிள்ளையின் மூளைக்கு அயடின் எவ்வளவு அவசியம் என்பதோடு ஒப்பிட்டால் இந்த முரண்டு சிறியது. இங்கு முக்கியமானது வேறொன்று. இரத்தத்தில் பிறபொருளெதிரி இருப்பதும் நோய் இருப்பதும் ஒன்றில்லை என்பதை அந்த மாணவிகள் நமக்குக் காட்டினார்கள்.

அயடினோடு கதை முடிவதுமில்லை. 2000 இல் பிரித்தானிய நிலவியல் ஆய்வு நிறுவனமும் இலங்கை விஞ்ஞானிகளும் கழலை கூடிய, குறைந்த கிராமங்களில் மண்ணையும் நெல்லையும் நீரையும் அலசினார்கள். ஈரவலய மண்ணில் செலீனியம் குறைவாக இருக்குமென எதிர்பார்த்தால், மொத்த அளவு கூடுதலாகவே இருந்தது. களிமண்ணும் சேதனப் பொருளும் அதைப் பிடித்துவைத்துக்கொண்டு பயிருக்கு விடவில்லை. மண்ணில் இருப்பதும் வாய்க்கு வருவதும் வேறு வேறு. தைரொக்சினை உடம்பு பயன்படுத்தும் வடிவுக்கு மாற்றச் செலீனியம் வேண்டும். ஓமோனைக் கட்டும் நொதிக்கோ இரும்புச்சத்து வேண்டும். இரத்தசோகை பரவலாக உள்ள இடத்தில் அயடின் உப்பின் பலன் குறைகிறது என்பதையும், இரும்புச்சத்துக் கொடுத்தால் அந்தப் பலன் கூடுகிறது என்பதையும் ஐவரி கோஸ்ட் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்கடுவ, இரத்தோட்டைப் பக்கத்து மலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அசதி, முடி உதிர்வு, மலச்சிக்கல் இருந்து, ரி.எஸ்.எச். 5.8 என்று ரிப்போட் வந்தால், அசதிக்குக் காரணம் தைரொயிட்டா இரத்தசோகையா, இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவையா என்று கேட்காமல் எழுதும் மருந்து குருட்டடிதான். மாத்தளை மாவட்டம் ஒரே மண்ணுமில்லை, ஒரே சாப்பாடுமில்லை. நக்கிள்ஸ் மலைச்சரிவின் மழைக்காடும் தம்புள்ளையின் வரண்ட வயலும் ஒரே மாவட்டச் சராசரிக்குள் அடங்கிவிடுகின்றன; 6.5 என்ற அந்தப் பழைய எண் உண்மையில் யாரைப்பற்றியது என்பதே யோசிக்கவேண்டிய விடயம்.

தனி மனிதரிடம் வருவோம். ரி.எஸ்.எச். தொடர்ந்து உயர்ந்திருப்பதற்கு ஆகப் பொதுவான காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தின்னும் நோய். ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ 1912 இல் விவரித்ததால் அவர் பெயரில் வழங்குகிறது. இந்த நோயைக் காட்டும் ரி.பி.ஓ. பிறபொருளெதிரியை ஆயுளில் ஒரு முறை பார்த்தால் போதும், ஆண்டுதோறும் பார்க்கத் தேவையில்லை. ஆனால் அந்த ஒரு முறைக்கு மதிப்பு உண்டு. இங்கிலாந்தின் விக்கம் என்ற ஊரில் 1970களில் தொடங்கி 20 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், ரி.எஸ்.எச். உயர்ந்து பிறபொருளெதிரியும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு 4.3 சதவீதத்தினர் முழுமையான தைரொயிட் குறைபாட்டுக்குள் போனார்கள், ரி.எஸ்.எச். மட்டும் உயர்ந்திருந்தவர்களில் 2.6 சதவீதத்தினர். ஒரே 5.8 என்ற எண்ணை வைத்திருக்கும் இரண்டு பெண்களுக்கு எதிர்காலம் ஒன்றாக இல்லை. பிறபொருளெதிரி உள்ளவரை ஆண்டுக்கொரு முறை கண்காணிக்கவேண்டும். மற்றவருக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை.

அடுத்த காரணம் மருந்துப் பெட்டியிலும் சாப்பாட்டுத் தட்டிலும் இருக்கிறது. தைரொக்சினை வெறும் வயிற்றில் குடித்தால்தான் குடல் அதை ஒழுங்காக உறிஞ்சும். இரும்பு, கல்சியக் குளிசைகளுக்கும் அதற்கும் நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். தாய்சேய் கிளினிக்கில் கர்ப்பிணிக்கு எதெல்லாம் கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள்: இரும்புச்சத்து, கல்சியம், சோயா கலந்த திரிபோஷ. மூன்றும் அவசியமானவை, மூன்றும் தைரொக்சினின் உறிஞ்சலைக் குறைப்பவை. தைரொக்சின் குளிசையை இவற்றோடு சேர்த்து ஒரே கைப்பிடியாக விழுங்கும் தாயின் ரி.எஸ்.எச். இறங்காமலே நிற்கும். அடுத்த கிளினிக்கில் அளவு கூட்டப்படும். பிள்ளை பிறந்து இரும்புக் குளிசை நின்றபின் அதே கூட்டிய அளவு அவளுக்கு மிகையாகிவிடும். ஒரு நோயும் முற்றவில்லை, நேரம்தான் பிழைத்தது. விடிந்ததும் குடிக்கும் கோப்பியும் இதேபோல் குறுக்கே நிற்கும். வாயு என்று மாதக்கணக்கில் போடும் ஒமிப்ரசோலும் அப்படியே. இதயத் துடிப்புக் கோளாறுக்குத் தரும் அமியோடரோன் இன்னொரு ரகம்: 200 மில்லிகிராம் குளிசை ஒன்றில் ஏறத்தாழ 75 மில்லிகிராம் அயடின் இருக்கிறது, வளர்ந்தவர் ஒருவரின் அன்றாடத் தேவை 150 மைக்ரோகிராம். சுரப்பி இரு திசைகளில் எதிலும் கவிழலாம். மனநோய்க்குத் தரும் லித்தியமும் தைரொயிட்டை மந்தமாக்கும். வில்கமுவப் பக்கத்தை வாட்டும் சிறுநீரக நோயிலும் ரி.எஸ்.எச். சற்று உயரும், அங்குள்ள வயல்காரர் ஒருவரின் ரிப்போட்டை வாசிக்கும்போது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினினைப் பார்க்காமல் தைரொயிட்டைப்பற்றி முடிவெடுப்பது பாதி வாசிப்பு.

மரவள்ளியையும் கோவாவையும் பலர் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள். அயடின் குறைந்த இடத்தில், மரவள்ளியே பிரதான உணவாக இருந்தால் அது உண்மையான குற்றவாளி. அயடின் உப்பு கிடைக்கும் வீட்டில் வாரத்துக்கு ஒரு தடவை அவித்த கிழங்கு சாப்பிட்டதால் எவருடைய ரிப்போட்டும் பிழைப்பதில்லை. கட்டியுப்பைக் கழுவிப் பாவிப்பதும், உப்புச் சட்டியை அடுப்புப் பக்கத்தில் திறந்து வைப்பதும் அயடினைப் போக்கும் வழிகள். தம்புள்ளைச் சந்தையின் மரக்கறியைச் சந்தேகிக்குமுன் குசினி அலுமாரியைத் திறந்து பார்ப்பது நல்லது.

பிள்ளை பெற்ற முதல் ஆண்டு தனிக்கதை. நூறு தாய்மாரில் ஐந்து பேரளவில் இந்தக் காலத்தில் தைரொயிட் அழற்சி வரும். முதல் சில மாதங்களில் சுரப்பி சேமித்துவைத்த ஓமோன் கசிந்து, மிகையாகச் சுரப்பதுபோல ரிப்போட் வரும். பிறகு வற்றிப்போய்க் குறைபாடாகத் தெரியும். ஓராண்டுக்குள் பெரும்பாலானோருக்குத் தானாகச் சீராகும். முதற்கட்டத்தில் மிகைச் சுரப்பை அடக்கும் கார்பிமசோல் கொடுத்தால் பயனில்லை, காரணம் சுரப்பி புதிதாக எதையும் செய்யவில்லை. இரண்டாம் கட்டத்தில் தைரொக்சின் தொடங்கினால், நிறுத்திப் பார்க்க யாரும் நினைவூட்டாவிட்டால், தற்காலிக நோய்க்கு நிரந்தர மருந்து ஆகிவிடும். இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. பிரசவத்தில் இரத்தம் அளவுக்கு மீறிப் போன தாயின் கபச்சுரப்பி பழுதாகலாம். ஷீகான் 1937 இல் விவரித்த நோய் அது. கட்டளையிடுபவரே ஊமையாகிவிட்டதால் ரி.எஸ்.எச். உயராது, ரிப்போட் ‘சாதாரணம்’ என்றே வரும். பால் சுரக்காமல், மாதவிடாய் திரும்பாமல், எப்போதும் குளிர்ந்துபோய்ச் சோர்ந்திருக்கும் அந்தப் பெண்ணிடம் ரி4 எனப்படும் தைரொக்சின் அளவையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் அவளுக்கு நோயே இல்லை என்று அனுப்பிவிடுவோம். வீட்டுப் பிரசவமும் வெகுதூர வைத்தியசாலையும் சேர்ந்திருந்த பழைய தோட்டப்புறங்களில் இப்படி அடையாளம் காணப்படாமல் வாழ்ந்து முடித்தவர்கள் இருந்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

மிகைச் சுரப்பில் காரணம் தேடுவது இன்னும் கட்டாயம். ரி.எஸ்.எச். தாழ்ந்து ரி4 உயர்ந்திருந்தால் அது எதிர்ப்புச் சக்தி சுரப்பியைத் தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோயாக இருக்கலாம், கட்டியொன்று தன்னிச்சையாகச் சுரப்பதாக இருக்கலாம், வைரஸ் காய்ச்சலுக்குப் பிந்திய கழுத்து வலியோடு வரும் அழற்சியாகவும் இருக்கலாம். முதலாவதுக்கு மாதக்கணக்கில் கார்பிமசோல். இரண்டாவதுக்கு நிரந்தரத் தீர்வாகக் கதிரியக்க அயடின் அல்லது அறுவைச் சிகிச்சை. மூன்றாவதுக்குப் பொறுமையும் வலிநிவாரணியும். கார்பிமசோல் அரிதாக வெள்ளையணுக்களை முற்றாக வீழ்த்தும் மருந்து. தேவையில்லாதவருக்குக் கொடுத்துப் பழகும் மருந்தில்லை. கண் பிதுங்கியிருந்தால் கிரேவ்ஸ் என்ற விடை பார்வையிலேயே கிடைத்துவிடும். இல்லாவிட்டால் பிறபொருளெதிரிப் பரிசோதனை, அல்லது சுரப்பி எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் ஸ்கான். அந்த ஸ்கானுக்குரிய அணுமருத்துவப் பிரிவு பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இருக்கிறது. மாத்தளை நகரிலிருந்து கண்டி ஏறத்தாழ 25 கிலோமீற்றர், அதற்கப்பால் இன்னும் சிறு தூரம்தான்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது இதுதான்: குறைபாடு என்றால் காரணம் எதுவானாலும் மருந்து தைரொக்சின் ஒன்றுதானே, மலிவான குளிசை, கொடுத்துவிட்டால் என்ன? சுரப்பி நிரந்தரமாகச் செத்துப்போன நோயாளிக்கு இந்த வாதம் சரி. எல்லையோரத்தில் நிற்பவருக்குச் சரியில்லை. 2017 இல் வெளிவந்த ட்ரஸ்ட் என்ற ஐரோப்பிய ஆய்வு, 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரை இரு கூறாக்கி, ரி.எஸ்.எச். சற்று உயர்ந்திருந்த அவர்களில் பாதிப்பேருக்குத் தைரொக்சினும் மீதிப்பேருக்கு வெற்றுக் குளிசையும் கொடுத்தது. ஓராண்டின் பின் தைரொயிட் குறைபாட்டின் அறிகுறிகளிலோ அசதியிலோ இரு கூறுக்கும் வேறுபாடு இல்லை. எண் இறங்கியது, ஆள் தேறவில்லை. அளவு கூடினால் முதியவரின் இதயத் துடிப்பு தடுமாறும், எலும்பு மெலியும். மலிவான குளிசை என்பதும் முழு உண்மையில்லை. அளவு நிலைக்கும்வரை இரண்டு மாதத்துக்கொரு தடவை இரத்தப் பரிசோதனை, கிளினிக்குக்குப் போகும் நாளில் தோட்டத்தில் ‘பேர்’ விழாது, அன்றைய சம்பளம் போச்சு. கபச்சுரப்பி பழுதானவருக்கோ, அட்ரீனல் ஓமோனும் சேர்ந்து குறைந்திருந்தால், அதைச் சரிசெய்யுமுன் தைரொக்சின் மட்டும் கொடுப்பது உயிருக்கே ஆபத்து.

அடுத்தது நேரம். நூற்றுக்கணக்கானவர் வரிசையில் நிற்கும் கிளினிக்கில் ஒவ்வொருவரிடமும் இத்தனை கேள்வி கேட்க முடியுமா? முடியாது, ஒப்புக்கொள்கிறேன். வைத்தியர்களுக்கு இவையெல்லாம் தெரியாது என்றும் நான் சொல்லவில்லை. அறிவில் இருக்கும் குறையைவிட ஒழுங்கில் இருக்கும் குறை பெரிது. நோயாளி ஒரு மாதம் அரச வைத்தியசாலைக்குப் போகிறார், அடுத்த மாதம் தனியாரிடம் ‘சனல்’ பண்ணுகிறார், ரிப்போட்டை வேறொரு ஆய்வுகூடத்தில் எடுக்கிறார். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒவ்வொரு எல்லை. ரிப்போட் ஆங்கிலத்தில், விளக்கம் பெரும்பாலும் சிங்களத்தில், வீட்டுப் பேச்சு தமிழில். இந்த மூன்று மொழிக்கும் நடுவில் ‘ஏன்’ விழுந்துபோகிறது. கேள்விகளில் பாதியை இரத்தம் எடுப்பவரே கேட்கலாம்: கர்ப்பமா, பிள்ளை பிறந்து எத்தனை மாதம், அண்மையில் பெரிய காய்ச்சலா, என்ன குளிசைகள், இன்று காலை தைரொக்சின் குடித்தீர்களா. தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட ஒரு துண்டுத்தாள், நோயாளி வரிசையில் நிற்கும்போதே நிரப்பக்கூடியது. தோட்டப்புறத்தில் இந்த வேலையைக் குடும்பநல உத்தியோகத்தரைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் இல்லை; வீட்டு வாசல்வரை போகிறவர் அவர்தான். செலவைப் பார்த்தாலும், ரி.எஸ்.எச். முதலில், அது பிழைத்தால் அதே இரத்தத்தில் ரி4, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி, அப்போதும் உயர்ந்திருந்தால் ஒரு முறை பிறபொருளெதிரி என்ற படிமுறை, எல்லாவற்றையும் முதல் நாளே பொதியாக எடுக்கும் ‘தைரொயிட் ப்ரொஃபைலை’விட மலிவானது.

காத்திருப்பதால் கெடுதி வராதா என்ற கேள்விக்கு, சிலருக்கு வரும் என்பதே நேர்மையான பதில். கர்ப்பிணி அவர்களில் முதலாமவர்; ரி4 குறைந்திருந்தாலோ ரி.எஸ்.எச். 10 ஐத் தாண்டியிருந்தாலோ அன்றைக்கே குளிசை தொடங்கவேண்டும், காரணம் பிறகு தேடலாம். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ரி.எஸ்.எச். இயல்பாகத் தாழும் என்பதால் தாழ்ந்த எண்ணைக் கண்டு பதறவும் கூடாது. பிறந்த குழந்தையின் குதிகால் இரத்தத்தில் உயர்ந்த ரி.எஸ்.எச். வந்தால் ஒவ்வொரு நாளும் மூளைக்குக் கணக்கு. அங்கே இந்தக் கட்டுரையின் பொறுமைக்கு இடமே இல்லை. ரி4 தெளிவாகக் குறைந்தவர், இதயம் படபடத்து மெலிந்துகொண்டே போகும் மிகைச் சுரப்பாளர், கழுத்தில் வேகமாக வளரும் கட்டியுள்ளவர் எல்லோரும் அவசரக்காரர்களே. இவர்களை ஒதுக்கிவிட்டால் எஞ்சுவது ரி.எஸ்.எச். 4 க்கும் 10 க்கும் இடையில், ரி4 சரியாக இருக்கும் பெருங்கூட்டம். ஆயுட்காலக் குளிசைகளில் ஐயத்துக்குரியவை தொடங்குவது அந்தக் கூட்டத்தில்தான்.

ஏற்கெனவே குளிசை குடிப்பவர்களை என்ன செய்வது? பத்தாண்டுகளாகத் தினமும் 50 மைக்ரோகிராம் போட்டுக்கொண்டு, எதற்காகத் தொடங்கினோம் என்பதே மறந்துபோனவர்கள் எந்தக் கிளினிக் வரிசையிலும் இருப்பார்கள். இவர்கள் இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டுத் தாமாகக் குளிசையை நிறுத்தக்கூடாது. ஹஷிமோட்டோவால் சுரப்பி அழிந்தவருக்கும், அறுவைச் சிகிச்சையில் சுரப்பியை எடுத்தவருக்கும் அது ஆயுளுக்கும் தேவை. செய்யக்கூடியது, பழைய ரிப்போட்டுகளைத் தேடி எடுத்து வைத்தியரிடம் காட்டுவது. முதல் ரி.எஸ்.எச். எவ்வளவு, ரி4 பார்த்தார்களா, மறுபரிசோதனை நடந்ததா, அப்போது பிள்ளை பிறந்திருந்ததா, ரி.பி.ஓ. இருந்ததா என்று பார்க்கவேண்டும். காரணம் எதுவும் அகப்படாவிட்டால், வைத்தியரின் கண்காணிப்பில் அளவைக் குறைத்தோ நிறுத்தியோ ஆறு வாரம் கழித்து இரத்தத்தை மறுபடி பார்க்கலாம். ஆறு வாரம் என்பதற்குக் காரணம் உண்டு: தைரொக்சினின் பாதி உடம்பை விட்டுப்போக ஒரு வாரம் ஆகிறது, அதற்குமுன் பார்த்தால் பழைய குளிசைதான் பதில் சொல்லும். எண் ஏறினால் குளிசை திரும்பத் தொடரட்டும். இம்முறை கிளினிக் கொப்பியில், அளவுக்குப் பக்கத்தில், எதற்காக என்பதையும் எழுதிவிடலாம்.